ஹில்ஸ்பரோவில் ஏழடி விருந்தாளி

ஆக்லாந்து விமான நிலையத்தில் என்னை அழைத்துப்போக வந்திருந்த தங்கை கணவர், சீன எழுத்தில் எழுதிய ஒரு அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். சிங்கப்பூரிலிருந்து பத்து மணி நேரம் உட்கார்ந்தே வந்ததில் எனக்குத்தான் கண் மங்கிவிட்டதோ என்று நினைத்தேன். யாழ்ப்பாணத்துச் சிவநேசனுக்குச் சீனம் எப்போது வந்தது?

“வாங்கோ அக்கா, வாங்கோ! பயணம் சுகமோ?” என்றவர், அட்டையை இறக்காமலே மறுகையால் என் பெட்டியை வாங்கிக்கொண்டார். “ஒரு பத்து நிமிசம் நில்லுங்கோ. இன்னும் கொஞ்சப் பேர் வரவேணும். உங்களையும் அவையளையும் ஒரே வேனில ஏத்திறன்.”

“அட்டையில என்னங்க மாப்பிள்ள எழுதியிருக்குது?”

“ஆருக்குத் தெரியும்? தலைகீழாப் பிடிச்சிருக்கிறனோ எண்டும் தெரியேல்லை.”

சிவநேசன் வாரநாட்களில் ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். மீதி நேரத்தில் சொந்தமாக ஒரு பதினைந்து இருக்கை வேன் ஓட்டுகிறார். கோயம்புத்தூருக்குப் படிக்க வந்து, படிப்பையும் முடித்து, என் தங்கை மாலதியையும் கட்டிக்கொண்டு போன கெட்டிக்காரர். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அந்த ஆகஸ்ட் மாதம் நான் மூன்று வார விடுப்பில் வரும் நாளிலேயே அவருக்கு ஒரு பெரிய வாடகையும் வாய்த்திருந்தது. அவருக்கு ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

கதவு திறந்தது. மாங்காய் வரவில்லை, தென்னந்தோப்பு வந்தது. ஒருவர் பின் ஒருவராகப் பத்துப் பேர், எல்லோரும் நீல நிறப் பயிற்சி உடையில், கதவு நிலையில் தலை இடிக்குமோ என்று பழக்கதோஷத்தில் குனிந்துகொண்டே வந்தார்கள். சீனாவின் வடக்கே ஒரு மாகாணத்தின் கூடைப்பந்து அணி அது. நியூசிலாந்து முழுக்க நட்பு ஆட்டங்கள் ஆட வந்திருந்தது.

இங்கே என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் கோவையில் ஒரு பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். உயரம் ஐந்தடி இரண்டங்குலம். அந்த உயரத்தை வைத்துக்கொண்டு என் இளவயதில் மாவட்ட அணிக்குக் கூடைப்பந்து ஆடியவள். இருபது வருடமாகக் கல்லூரிப் பெண்களை விசில் ஊதி விரட்டிக்கொண்டிருக்கிறேன். கோயில் தேரைப் பார்த்தால் சிலருக்குக் கை தானாகக் குவியும். எனக்கு உயரமான ஆட்டக்காரரைப் பார்த்தால் அப்படி.

வேனில் எனக்குக் கிடைத்த இடம் அந்தப் பத்துப் பேரிலும் நெடியவன் பக்கத்தில். பெயர் ஹான் லெய், வயது இருபத்திரண்டு, உயரம் ஏழடி ஓரங்குலம். முழங்காலை மோவாயில் முட்டுக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்து வணங்கினான். நான் பேச மொழியில்லாமல், காற்றில் ஒரு பந்தை எறிவதுபோல் மணிக்கட்டை மடக்கிக் காட்டினேன். அவன் உடனே என் முழங்கையைப் பார்த்துவிட்டு, அதை இன்னும் கொஞ்சம் உள்ளே வைக்கச் சொல்லிச் சைகை செய்தான். எனக்கே பாடம்! அந்த நிமிடத்திலேயே அவனை எனக்குப் பிடித்துப்போயிற்று.

கிரேட் சவுத் ரோட்டில் இருந்த மோட்டலில் அவர்களை இறக்கிவிட்டு, ஹில்ஸ்பரோவுக்குப் போனோம். சரிவில் மர வீடு, சமையலறை ஜன்னலில் மனுக்காவு துறைமுகத்தின் சாம்பல் நிறத் தண்ணீர், வாசலில் எலுமிச்சை மரம். மாலதி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவள் மகள் தாரணிக்குப் பன்னிரண்டு வயது. “ஹாய் பெரியம்மா” என்று சொல்லிவிட்டு, நான் தமிழில் கேட்ட எல்லாவற்றுக்கும் இங்கிலீஷிலேயே பதில் சொன்னாள். புரிந்துகொள்கிறாளே, அது போதும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை மழை, வெயில், மழை, வானவில். இந்த ஊரில் ஒரே நாளில் நாலு பருவமும் வந்துபோகும் என்று உள்ளூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். குடையை விரித்து மடக்கியே என் கை ஓய்ந்தது. அணி ஒனஹங்கா பக்கத்தில் ஓர் உள்ளரங்கத்தில் பயிற்சி செய்தது. சிவநேசனோடு நானும் ஒட்டிக்கொண்டேன்.

அங்கேதான் திருமதி ஃபாங் பழக்கமானார். ஆக்லாந்தில் இருபது வருடமாகப் பழக்கடை நடத்தும் ஹாங்காங் பெண்மணி. அணிக்கு மொழிபெயர்ப்பாளர், தாய், காவல்காரர் எல்லாம் அவர்தான். அவர் பேசிய இங்கிலீஷ் எனக்கும், நான் பேசிய இங்கிலீஷ் அவருக்கும் நன்றாகவே புரிந்தது.

“நாளைய ஆட்டம்தான் அந்தப் பையனுக்கு எல்லாம்” என்றார், ஹானைக் காட்டி. “அமெரிக்காவிலிருந்து ஒருவர் வருகிறார். அங்குள்ள தொழில்முறை லீக்கில் ஓர் அணிக்கு ஆள் தேடுபவர். ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பும் வழியில் இவனைப் பார்ப்பதற்காக மட்டும் இங்கே இறங்குகிறார். மாலை விமானத்தில் போய்விடுவார்.”

அந்த லீக்கில் அதுவரை சீனாவிலிருந்து ஒருவரும் ஆடியதில்லை. ஹானின் ஊரில் அவன் பிறப்பதற்கு முன்பிருந்தே பலர் ஆசைப்பட்டிருக்கிறார்கள். ஆசைப்பட்டவர்களை யாரும் வந்து பார்த்ததில்லை. இவனைப் பார்க்க ஒருவர் வருகிறார், அதுவும் ஒரே ஒரு பிற்பகல்.

பயிற்சியாளர் ஒரு கறாரான மனிதர். அவர் ஹானுக்கு வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று: வளையத்தடியில் நில், பந்து வந்தால் போடு, வராவிட்டால் பிடுங்கு. கோட்டைத் தாண்டி வெளியே அடி வைத்தால் விசில் கிழிந்தது. எனக்கு அதில் குறை சொல்ல வாய் வரவில்லை. உயரமான பெண் எவள் கிடைத்தாலும் நானும் இருபது வருடமாக அதையேதான் செய்துவருகிறேன்.

பயிற்சி முடிந்து பயிற்சியாளர் டீ குடிக்கப் போனதும் ஹான் சுற்றுமுற்றும் பார்த்தான். பந்தை எடுத்துக்கொண்டு மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே போய் நின்று எறிந்தான். வலை ‘சக்’ என்றது, வளையத்தில் படவே இல்லை. நான் ஓடிப்போய்ப் பந்தைப் பொறுக்கிப் போட்டேன். மறுபடி ‘சக்’. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கால்மணி நேரம் பொறுக்கிப் போட்டிருப்பேன். காலடிச் சத்தம் கேட்டதும் அவன் ஒன்றும் தெரியாதவன்போல வளையத்தடிக்கு வந்து நின்றுகொண்டான். போகும்போது அவனுடைய வலது ஷூவின் அடிப்பாகம் முதலை வாய்போலப் பிளந்து கிடந்தது.

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கே ஷூ தேடல் ஆரம்பம். ஆட்டம் மூன்று மணிக்கு. ஹானிடம் இருந்தது அந்த ஒரு ஜோடிதான், அளவு பதினேழு. வேனில் சிவநேசன், நான், ஹான், திருமதி ஃபாங். குவீன் ஸ்ட்ரீட்டில் மூன்று கடை ஏறி இறங்கினோம். பதின்மூன்றுக்கு மேல் கிடையாது என்று சிரித்தே அனுப்பினார்கள். ஒரு கடைப் பையன் ஹானின் பாதத்தைப் பார்த்துவிட்டு, படகு விற்கும் இடம் துறைமுகத்தில் இருக்கிறது என்றான். ஹானுக்கு அது புரியாமல் போனதில் எனக்குச் சந்தோஷம்.

சிவநேசன் திடீரென்று தன் மறதியைத் திட்டிக்கொண்டு ஸ்டியரிங்கில் அடித்தார். “எனக்கென்ன விசர்! எங்கட கிடங்கில வேலை செய்யிற சமோவாப் பெடியங்கள் எல்லாம் ஷூ எங்க வாங்கிறவங்கள்? ஓட்டஹுஹுவில!”

ஓட்டஹுஹு நகரத்திலிருந்து தெற்கே பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். பசிபிக் தீவுக்காரர்கள் நிறைந்த கடைத்தெரு. பூப்போட்ட சட்டைகள், சேப்பங்கிழங்குக் குவியல், சர்ச்சுக்குப் போடும் வெள்ளைத் தொப்பிகள். ஷூக்கடைக்கார அம்மா கல்லாவுக்குப் பின்னால் ஒரு சிம்மாசனம்போல உட்கார்ந்திருந்தார். ஹானின் காலைக் குனிந்து பார்த்து, “சின்னக் கால்தானே, என் தம்பிக்குப் பதினெட்டு” என்றார். கடையில் இருந்த எல்லா நாடுகளும் சேர்ந்து சிரித்தோம். பின்கட்டிலிருந்து தூசி தட்டி எடுத்து வந்தார்: கறுப்பு, பதினேழு, நூற்று எழுபது டாலர். டாலருக்கு இருபத்துநாலு ரூபாய் என்று பெருக்கிப் பார்க்கும் வியாதி எனக்கு அப்போது இருந்தது, அந்த ஷூவோடு அதை விட்டேன். ஹான் அதை மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே ஒரு குதி குதித்தான். கூரையில் தொங்கிய விளக்கு ஆடியது.

அதற்குள் பன்னிரண்டே கால். திருமதி ஃபாங் கடை திறக்கவேண்டும். “வழியில் என்னை இறக்கிவிடுங்கள். இரண்டரைக்கு அரங்கத்தில் இருப்பேன். அவனுக்கு மட்டும் ஏதாவது லேசாகக் கொடுங்கள்” என்றார்.

“எங்கட வீடு வழியிலதானே. அங்க சாப்பிடலாம்” என்றார் சிவநேசன்.

லேசாக என்ற சொல் எங்கள் குடும்ப அகராதியில் கிடையாது. அது திருமதி ஃபாங்குக்குத் தெரியாது.

சனிக்கிழமை மதியம் பிட்டு என்பது மாலதி வீட்டு வழக்கம். வறுத்த அரிசிமாவும் தேங்காய்ப்பூவும் சேர்த்துக் குழலில் அவித்து, சூட்டோடு தள்ளினால் முழங்கை நீளத்துக்கு வெள்ளையாக வந்து விழும். கூடக் கோழிக்கறியும் கத்தரிக்காய்க் குழம்பும் தேங்காய்ச் சம்பலும். ஹான் நிலைப்படியில் குனிந்து உள்ளே வந்தான். ஷூவை வாசலில் கழற்றினான். மாலதிக்கு அதிலேயே மனம் நிறைந்துவிட்டது.

முதல் குழலை வைத்தோம். வியர்க்க வியர்க்க, முகம் மலரச் சாப்பிட்டான். தட்டைத் துடைத்து வைத்தாற்போல் காலி செய்தான். காலித் தட்டைப் பார்த்தால் எங்கள் வீட்டில் யாருக்கும் கை சும்மா இருக்காது. இரண்டாவது குழல். அதுவும் காலி. மூன்றாவது.

“பாத்தீங்களாக்கா? எப்படிச் சாப்பிடுது பாருங்க. மோட்டல்ல பாவம், ரொட்டியக் குடுத்தே கொன்னிருப்பாங்க” என்றாள் மாலதி, கறியை அள்ளிக்கொண்டே.

“விருந்தாளி சாப்பிடறதப் பாத்தாத்தான் நமக்குச் சமைச்ச மாதிரி இருக்கும் கண்ணு” என்று நானும் ஒரு கரண்டி குழம்பை ஊற்றினேன்.

“ஓம், வளர்ற பெடியன்தானே” என்றார் சிவநேசன். ஏழடி ஓரங்குலத்துக்கு மேல் அவன் இன்னும் எங்கே வளரவேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

தாரணி மட்டும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அம்மா, ஹி’ஸ் ஃபுல்” என்றாள்.

“சும்மா இரு. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுவாரில்ல?”

“மம்! லுக் அட் ஹிம்!”

ஆறாவது குழலோ ஏழாவதோ, ஹான் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டான். கண்ணில் நீர் தளும்பியது. காரம் என்று நினைத்து மாலதி தயிரும் சீனியும் வாழைப்பழமும் போட்டு இன்னொரு பாதிக் குழலை வைத்தாள். அதையும் ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்து, எழுந்து நின்று, எங்கள் மூவருக்கும் தலைகுனிந்து வணங்கினான். நிமிர்வதற்கு நேரமாயிற்று.

இரண்டரைக்கு அரங்கத்தில் திருமதி ஃபாங் அவனைப் பார்த்த மாத்திரத்தில், “என்ன செய்தீர்கள் இவனை?” என்றார். அவன் தன் வடசீனப் பேச்சில் மெதுவாக ஏதோ சொன்னான். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“கிண்ணத்தில் மிச்சம் வைக்கிற ஒவ்வொரு பருக்கையும் கட்டிக்கொள்ளப் போகிறவள் முகத்தில் அம்மைத் தழும்பாக விழும் என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள் இவனை. அதனால் தட்டைக் காலி செய்திருக்கிறான். நீங்கள் ஏன் திரும்பத் திரும்பப் போட்டீர்கள்?”

“தட்டுக் காலியா இருந்ததே!” என்றேன்.

“பெரியவர்கள் போடுவதை வேண்டாமென்றால் உங்களுக்கு அவமானம் என்று நினைத்திருக்கிறான். எப்போது நிறுத்துவீர்கள் என்று வேண்டிக்கொண்டே சாப்பிட்டானாம்.”

பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம் என்பார்கள். நாங்கள் பூனை என்பது எங்களுக்கே தெரியாமல் கொண்டாடியிருக்கிறோம். ஆட்டத்துக்கு முன்னே வயிறு நிறையத் தின்னக்கூடாது என்று இருபது வருடமாகப் பெண் பிள்ளைகளிடம் கத்தியவள் நான். என் கையால்தான் குழம்பு ஊற்றினேன். அங்கேயே தரை பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

நுழைவுச்சீட்டு ஐந்து டாலர். உள்ளூர் அணியின் ஆட்கள், பெரும்பாலும் மாவோரியும் சமோவாக்காரரும், உயரத்தில் குறைந்தாலும் அகலத்தில் குறைவில்லை. அமெரிக்கர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். நரைத்த தலை, பழுப்பு மேல்கோட்டு, பக்கத்தில் பயணப் பை.

முதல் பாதி பார்க்கச் சகிக்கவில்லை. ஹான் நடந்தான். எல்லோரும் ஓட, அவன் கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்து எழுந்து வெற்றிலை தேடிப் போகிறவர்போல நடந்தான். வளையத்தடியில் ஒரு மாவோரி இளைஞர் வயிற்றில் லேசாக முட்டியதும் அவன் முகம் பச்சையானது. பயிற்சியாளர் கத்தினார். அமெரிக்கர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஐயோ, எங்கட பிட்டு ஒரு பெடியன்ர வாழ்க்கையைக் கெடுத்துப்போட்டுதே” என்று சிவநேசன் முணுமுணுத்தார். மாலதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “முருகா, அது செரிக்கட்டும்” என்றாள். ஒரு ஆட்டக்காரனுக்காக இப்படி ஒரு வேண்டுதலை முருகன் முன்னே பின்னே கேட்டிருக்க மாட்டார்.

இடைவேளைக்குப் பிறகும் ஹானால் வளையத்தடியில் நிற்க முடியவில்லை. அங்கே நின்றால் முட்டுவார்கள். முட்டினால் என்னாகும் என்று அவனுக்கும் எங்களுக்கும்தான் தெரியும். அவன் மெல்ல மெல்லப் பின்வாங்கி வெளியே வந்தான். கோட்டைத் தாண்டியும் வந்துவிட்டான். பயிற்சியாளர் எழுந்தே விட்டார்.

பந்து அவன் கைக்கு வந்தது. ஓட முடியாதவன் வேறென்ன செய்வான்? நின்ற இடத்திலிருந்து எல்லோரையும் பார்த்தான். அந்த உயரத்திலிருந்து மைதானம் முழுக்கத் தெரிந்திருக்கவேண்டும். மூன்று பேர் தலைக்கு மேலாக, வெட்டிக்கொண்டு உள்ளே ஓடிய தன் அணியின் குள்ளமான ஆட்டக்காரருக்குப் பந்தைத் தட்டிவிட்டான். அவர் சும்மா தூக்கிப் போட்டார். இரண்டு புள்ளி. அடுத்த முறையும் அதே. அதற்கடுத்த முறை எதிரணி அந்தக் குள்ளரை மறைத்து நின்றது. ஹான் தனியாக நின்றான். முழங்கை உள்ளே, மணிக்கட்டு மடங்கியது. ‘சக்.’

நான் வெள்ளிக்கிழமை கேட்ட சத்தம்! பெஞ்சின் மேல் ஏறி நின்று விசில் அடித்துவிட்டேன், விரலை வாயில் வைத்து. தாரணி, “பெரியம்மா!” என்று வாயைப் பிளந்தாள்.

பிறகு நடந்தது திருவிழா. ஹான் ஓடவே இல்லை. நின்றபடியே ஆட்டத்தை நடத்தினான். கை நீட்டினால் பந்து வந்தது, வந்த பந்து யாருக்கு வேண்டுமோ அவரிடம் போய்ச் சேர்ந்தது, யாரும் வேண்டாம் என்றால் வளையத்துக்குள் போனது. உள்ளூர் ரசிகர்களே அவனுக்காகக் காலால் தரையைத் தட்ட ஆரம்பித்தார்கள். பயிற்சியாளர் எப்போது உட்கார்ந்தார் என்று கவனிக்கவில்லை. அமெரிக்கர் மூன்றாவது வரிசையிலிருந்து முதல் வரிசைக்கு வந்திருந்தார். சீனர்கள் நான்கு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். நாங்கள் நாற்பது புள்ளியில் ஜெயித்ததுபோல் கத்தினோம்.

ஆட்டம் முடிந்ததும் அமெரிக்கர் திருமதி ஃபாங்கைத் தேடி வந்தார். பக்கத்தில் நாங்களும் கோழிக்குஞ்சுகள்போல நின்றோம்.

“இவனுக்கு அடிபட்டிருக்கிறதா? ஏன் ஓடவில்லை?” என்பது அவருடைய முதல் கேள்வி.

திருமதி ஃபாங் தயங்கினார். சிவநேசன் முன்னே வந்துவிட்டார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். தன் இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னார்: ஷூ, பிட்டு, காலித் தட்டு, வாழைப்பழம் வரைக்கும். முழங்கையைக் காட்டிக் குழலின் நீளமும் சொன்னார். அமெரிக்கர் சிரிக்க ஆரம்பித்து, பக்கத்தில் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னதை நான் அப்படியே மனத்தில் வைத்திருக்கிறேன். “ஓடுகிற உயரக்காரர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். நின்றபடி ஆட்டத்தைப் பார்க்கத் தெரிந்த ஒருவனைத் தேடித்தான் நான் ஊர் ஊராகப் போகிறேன். அடுத்த கோடையில் இரண்டு வாரம் பயிற்சி முகாமுக்கு வரட்டும். வேறெதற்கும் நான் வாக்குக் கொடுக்க முடியாது. அவனுடைய அணி விடுமா?”

அங்கேதான் முடிச்சு. பயிற்சியாளர் ஊரில் இருக்கும் மேலிடத்தைக் கேட்டுத்தான் சொல்லமுடியும் என்றார். ஹான் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். புதுக் கறுப்பு ஷூவுக்குள் அவன் கால் விரல்கள் அசைவது மேலே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெயில். சிவநேசன் அணி முழுவதையும் மவுண்ட் ஈடனுக்கு ஏற்றிப்போனார். பழைய எரிமலை, உச்சியில் புல் முளைத்த பெரிய கிண்ணமாகப் பள்ளம். இரண்டு பக்கமும் கடல், நடுவில் தகரக் கூரைகளும் மரங்களுமாக ஊர். அந்தக் கிண்ணத்தின் விளிம்பில் வைத்துத்தான் சிவநேசன் ஹானுக்கு ஒரு பாடம் எடுத்தார்.

“தம்பி, இஞ்ச பார். ஆரும் சாப்பாடு போட வந்தா, கையை இப்பிடி வை.” தட்டை மறைப்பதுபோல உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார். “வச்சுக்கொண்டு, ‘காணும்’ எண்டு சொல்லவேணும். காணும்.”

போதும் என்பதற்கு யாழ்ப்பாணத்தார் சொல்லும் சொல் அது. “எங்க ஊர்ல போதும்னு சொல்லுவோமுங்க மாப்பிள்ள. பையனக் குழப்பாதீங்க” என்றேன்.

“அக்கா, அவன் சாப்பிட்டது எங்கட பிட்டு. எங்கட சொல்லுத்தான் சொல்லவேணும்.”

ஹான் உள்ளங்கையைக் கவிழ்த்து, “காணும்” என்றான். மற்ற ஒன்பது பேரும் சேர்ந்து சொன்னார்கள். பத்து நெடியவர்கள் எரிமலை விளிம்பில் கையைக் கவிழ்த்துக்கொண்டு யாழ்ப்பாணத் தமிழில் கோஷம் போட, ஜப்பானியப் பயணிகள் படம் எடுத்துக்கொண்டார்கள். திருமதி ஃபாங்கின் வழியாக ஹான் ஒரு சந்தேகம் கேட்டான்: உண்மையிலேயே இன்னும் வேண்டுமென்றால் என்ன சொல்வது? “அதுக்குக் ‘காணாது’ எண்டு சொல்லு, போதாது எண்டு அர்த்தம். ஆனா எங்கட வீட்டில கவனமாச் சொல்லு” என்றார் சிவநேசன்.

மறுநாள் அணி தெற்கே போய்விட்டது. நானும் தங்கை குடும்பத்தோடு ஊர் சுற்றினேன். வெந்நீர் ஊற்றுகள் பார்த்தேன், ஆட்டு மந்தை பார்த்தேன், ஆளே இல்லாத கடற்கரையில் கால் நனைத்தேன். கோவையில் எங்கள் கல்லூரி மைதானத்தில் பந்து வெளியே ஓடினால் எடுத்துக் கொடுக்கப் பத்துப் பேர் நிற்பார்கள். இங்கே பூங்காவில் பந்து ஓடினால் அதுவாக நின்றால்தான் உண்டு, அவ்வளவு வெற்றிடம். அழகுதான். ஆனால் மூன்றாம் வாரத்தில் நெரிசலுக்கு மனம் ஏங்கியதையும் சொல்லத்தான் வேண்டும். இரவுச் சாப்பாட்டில் தினமும் ஒரே பேச்சு: “சீனாவில இருந்து பதில் வந்திருக்குமோ?” மாலதி வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனபோது ஹான் லெய் பெயருக்கு அர்ச்சனை வைத்தாள். என்ன நட்சத்திரம் என்று ஐயர் கேட்டதற்கு, உயரத்தைச் சொன்னாளாம்.

நான் கிளம்பிய நாளும் அணி கிளம்பிய நாளும் ஒன்றே. சிங்கப்பூர் வரைக்கும் ஒரே விமானம். பிற்பகல், விமான நிலையத்தின் அதே கதவருகே இப்போது எல்லோரும் எதிர்த்திசையில் நின்றோம். மாலதி கையில் ஒரு பெரிய எவர்சில்வர் டப்பா. எனக்கில்லை, கூடப்பிறந்தவள் என்ன பெரிய ஆளா? ஹானுக்குப் பிட்டு.

ஹான் தூரத்தில் எங்களைப் பார்த்ததும் வேகமாக வந்தான். அவன் வேகமாக வந்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. திருமதி ஃபாங் பின்னாலேயே ஓடிவந்தார்.

“காலையில் பதில் வந்துவிட்டது. விடுகிறார்கள்!” என்றார் மூச்சிரைக்க. “அடுத்த கோடையில் போகலாம். ஆனால் அந்த இரண்டு வாரம் மட்டும். முடிந்ததும் திரும்பி வந்து சொந்த அணிக்கு ஆடவேண்டும்.”

மாலதி “முருகா!” என்று சத்தமாகவே சொன்னாள். சிவநேசன் ஹானைக் கட்டிப்பிடித்தார். அவர் தலை அவன் நெஞ்சுக்குக் கீழேயே நின்றுவிட்டது. நான் அழுதேன் என்றே எழுதிவிடுகிறேன்.

மாலதி டப்பாவை நீட்டினாள். ஹான் உள்ளங்கையைக் கவிழ்த்து அதன் மூடிமேல் வைத்து, “காணும்” என்றான். சுத்தமான உச்சரிப்பு. எல்லோரும் கைதட்டினோம். மாலதியும் பெருமையாக டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

எனக்கு மட்டும் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. நானும் ஆட்டக்காரிதானே. திருமதி ஃபாங்கிடம், “இரண்டே வாரம். அதற்குள் அவர்கள் இவனைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டால்? அந்த இரண்டு வாரம் இவனுக்குப் போதுமா, கேளுங்கள்” என்றேன்.

அவர் கேட்டார். ஹான் சிரிப்பதை நிறுத்தினான். கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்ற விமானத்தைப் பார்த்தான், தன் கறுப்பு ஷூவைப் பார்த்தான். பிறகு திருமதி ஃபாங்கை விட்டுவிட்டு நேரே எங்களிடம் திரும்பி, ஒவ்வோர் எழுத்தாக அழுத்திச் சொன்னான்.

“காணாது.”

மாலதிதான் முதலில் அசைந்தாள். என்ன செய்கிறோம் என்று யோசித்திருக்கவே மாட்டாள். டப்பாவை மறுபடி அவன் இரண்டு கைகளிலும் வைத்து அழுத்தினாள். அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் வேறு பதில் கிடையாது.